நானாகக் கொடுத்தது

உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். கட்டிலிலேயே உட்காரலாம். வார்டன் அறை என்றால் பெரிதாக இருக்கும் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இவ்வளவுதான். கட்டில், மேசை, இரண்டு அலமாரி நிறையப் புத்தகம். கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வீடு என்று இருப்பது இதுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உங்கள் மனம் இளக வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. விடுதியை நடத்தும் டிரஸ்டிலிருந்து விசாரிக்க அனுப்பப்பட்டவர் நீங்கள், விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கீழே ஹாலில் அந்தப் பெண்களிடம் பேசிவிட்டு, பிறகு மேலே வந்திருக்கிறீர்கள். பரவாயில்லை. படி ஏறுவது கடினம்தான், கீழே உள்ள வேலையை முதலில் முடிப்பதுதான் சுலபம். அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

இதே பாளையங்கோட்டையில், பெண்கள் கல்லூரி ஒன்றில், வேலை பார்த்த காலம் முழுக்க நான் நடத்தியது ருஷ்ய வரலாறு. ஜார் மன்னர்களில் தொடங்கிக் கம்யூனிஸ்டுகளில் முடியும் ஒரு தாள். பனியே பார்த்திராத பெண்களுக்குப் பனியில் நடந்த கதை. கடைசி பெஞ்சில் தூங்குவார்கள். வெயில் நேரம், மின்விசிறி சுற்றும் சத்தம், நான் மட்டும் மாஸ்கோவில் நின்றுகொண்டிருப்பேன். ஒவ்வொரு வருடமும் ஒரு கேள்வியை மட்டும் மாற்றாமல் கேட்பேன். ருஷ்யாவை ஆண்டவர்கள் ஒரு கையால் ஏன் கொடுத்தார்கள், மறு கையால் ஏன் பறித்தார்கள்? விளக்குக. அதற்கு ஒழுங்காகப் பதில் எழுதியவள் ஒரே ஒருத்தி. கீழே முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாளே, கண்ணாடி போட்டவள். ஷீபா. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாற்று டீச்சர், என் விடுதியில்தான் தங்கியிருக்கிறாள். என்னை இந்த அறையிலிருந்து வெளியே அனுப்பப் பார்க்கிறவளும் அவள்தான். என் மாணவி. அவளுக்கு மார்க்கை அள்ளிப் போட்டவள் நான்.

நான் வார்டனாக வந்தபோது இந்த விடுதி எப்படி இருந்தது என்று உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏழு மணிக்குக் கேட்டுக்குப் பூட்டு. கூடத்தில் டிவி கிடையாது. சாயங்காலம் போன் வந்தால் பழைய வார்டன் பக்கத்தில் நின்று கேட்பாராம். எல்லோரும் வேலைக்குப் போகிற பெண்கள் அம்மா. நர்ஸ், டீச்சர், ஜவுளிக்கடை, ஸ்கேன் சென்டர். சொந்தக் காலில் நிற்கிறவர்களை ஏழு மணிக்குள் கோழி அடைப்பது போல அடைத்து வைத்திருந்தார்கள். யாரும் கேட்கவில்லை. கேட்கும் பழக்கமே அவர்களுக்கு இல்லை. நானாகவே மாற்றினேன். ஜூன் மாதம் வந்தேன், வந்த வாரமே ஏழை எட்டாக்கினேன்.

கேட்காமல் கொடுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. பண்ணையடிமைகளை விடுவித்தாரே இரண்டாம் அலெக்சாந்தர், அவர் பிரபுக்களைக் கூட்டி வைத்து என்ன சொன்னார்? கீழேயிருந்து அது தானாக நடக்கும்வரை காத்திருப்பதைவிட மேலேயிருந்து நாமே செய்துவிடலாம் என்றார். எவ்வளவு தெளிவு பாருங்கள். வகுப்பில் அந்த இடம் வந்தால் என் குரல் தானாகத் தழையும். விடுதலை கொடுத்தார், நீதிமன்றங்களைச் சீர்ப்படுத்தினார், கடைசியில் ஜனங்களின் பிரதிநிதிகளிடம் ஆலோசனை கேட்கலாம் என்று ஒரு திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்த அன்றைக்கே அவர்மேல் குண்டு போட்டார்கள். அதைச் சொல்லிவிட்டு ஒவ்வொரு வருடமும் புத்தகத்தை மூடிவிடுவேன்.

ஷீபா அப்போதே எழுந்து கேட்பாள். "மேடம், விடுதலை கொடுத்தாரு, நிலத்தைக் கொடுக்கலையே? நிலத்துக்குத் தலைமுறை தலைமுறையா தவணை கட்டச் சொன்னாரே?" என்பாள். உட்கார் என்பேன். உட்காருவாள். அதெல்லாம் அந்தக் காலம்.

சரி. எட்டு மணி ஆக்கினேன். அடுத்து, சமையலுக்கு ஒரு குழு. நீங்களே தேர்ந்தெடுங்கள், என்ன சமைக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். இந்த ஊரில் எந்த விடுதியிலாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஷீபாவைத் தலைவியாக்கினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. உப்புமா வேண்டாம் என்றார்கள், நிறுத்தினேன். புதன்கிழமை முட்டை கேட்டார்கள். நான் முட்டை தொடாதவள், இருந்தும் அனுமதித்தேன். ஞாயிற்றுக்கிழமை மீன் கேட்டார்கள். அது முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார்கள். ஒன்றைக் கொடுத்தால் அடுத்ததற்கு ஏன் என்று கேட்கிறார்கள். ஒன்றுமே கொடுக்காதவரிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இதைக் கவனித்திருக்கிறீர்களா?

பிறகு ஞாயிறு கூட்டம். வாரத்துக்கு ஒரு நாள், ஹாலில், யார் எதை வேண்டுமானாலும் பேசலாம். முதல் வாரம் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. "பயப்படாதீங்க. இந்த ஹால்ல பேசினது இந்த ஹாலைத் தாண்டாது" என்றேன். இரண்டாவது வாரம் மாரிச்செல்வி எழுந்தாள்.

மாரிச்செல்வியைப் பற்றிக் கீழே சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னது ஒரு பக்கம். என்னிடமும் கேளுங்கள்.

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஸ்கேன் சென்டரில் வேலை. ஒல்லியாக இருப்பாள், பேசும்போது துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவாள். எழுந்து நின்று, "மேடம், எனக்கு ஒம்பது மணி வரைக்கும் பர்மிஷன் வேணும். டவுன்ல அரசாங்கப் பரீட்சைக்குக் கிளாஸ் போறேன். வீட்டுக்குத் தெரியாது. வீட்ல மாமா மகனுக்குப் பேசிட்டு இருக்காங்க. பரீட்சை எழுதி வேலை கிடைச்சிட்டா நானே சொல்லிக்கிடுவேன்" என்றாள். ஹாலே கை தட்டியது. நானும் தட்டினேன். அங்கேயே, அந்த நிமிடமே, உனக்கு ஒன்பது மணி வரை அனுமதி என்று சொன்னேன். சொன்னேனா இல்லையா என்று கீழே போய்க் கேளுங்கள்.

மறுநாள் காலை வரை எனக்கு மனம் அடங்கவில்லை. பெற்றவர்களுக்குத் தெரியாமல் ஒரு பெண் இருட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறாள், அனுமதித்தவள் நான். ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? சங்கரன்கோவிலிலிருந்து ஆள் வந்து கேட்டால் நான் இரண்டாம் அலெக்சாந்தரைக் காட்டி நிற்க முடியுமா? அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

இப்படிப் பார்க்காதீர்கள் அம்மா. ஹாலில் பேசியது ஹாலைத் தாண்டாது என்றுதான் சொன்னேன். நான் ஹாலிலிருந்து பேசவில்லை, இந்த அறையிலிருந்து பேசினேன். அதுவும் பாராட்டித்தான் பேசினேன். உங்கள் பெண் கெட்டிக்காரி, பரீட்சைக்கெல்லாம் படிக்கிறாள், வழியில் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அவர் என்ன புரிந்துகொண்டார் என்பதற்கு நான் பொறுப்பா?

முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கை கூப்பியது கூப்பியபடி. "டீச்சரம்மா, நீங்க சொல்லலைன்னா எங்க குடும்பம் என்னத்துக்கு ஆவும்" என்றார். தோட்டத்து நார்த்தங்காய் ஒரு பை நிறையக் கொண்டு வந்திருந்தார். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். அழவில்லை. "போயிட்டு வாரேன் மேடம்" என்றாள். மரியாதை தெரிந்த பெண். பரீட்சை அடுத்த வாரம் இருந்ததாம். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன, பரீட்சை வருடா வருடம் வருகிறது.

நார்த்தங்காயை வீணாக்க மனமில்லாமல் ஊறுகாய் போடச் சொன்னேன். ஒருத்தியும் தொடவில்லை. பூஞ்சை பிடித்துக் கொட்டினோம்.

அடுத்த ஞாயிறு கூட்டம் வைத்தேன். எல்லோரும் வந்தார்கள். வந்து, ஒருத்திகூடப் பேசவில்லை. இது வேறு மௌனம். முதல் வாரத்து மௌனத்தில் வெட்கம் இருந்தது. இதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். ஷீபா மட்டும் எழுந்து, "மேடம், சமையல் குழு சார்பா ஒண்ணு கேக்கணும். மாரிச்செல்வி வீட்டுக்கு யாரு சொன்னா? இன்னொண்ணு, எல்லாருக்கும் பத்து மணி வரைக்கும் கேட் திறந்திருக்கணும்" என்றாள்.

சமையல் குழுவுக்குக் கேட் எதற்கு? நீங்களே சொல்லுங்கள். சாம்பாரைப் பற்றிப் பேசச் சொன்னால் சாவியைப் பற்றிப் பேசுகிறார்கள். அன்றைக்கே குழுவைக் கலைத்தேன்.

கலைத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை, மறுபடி தேர்தல் வைத்தேன். நியாயமாக நடக்கிறவள் நான். மறுபடியும் ஷீபாவையே தேர்ந்தெடுத்தார்கள். மறுபடியும் கலைத்தேன். பிறகு ஒரு சிறு மாற்றம் செய்தேன். மூன்று வருடத்துக்கு மேல் இங்கே தங்கியிருப்பவர்கள் மட்டும் ஓட்டுப் போடலாம் என்று. அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர், வயதானவர்கள். வீட்டில் யாரும் இல்லாதவர்கள். அவர்கள் கூடி ராத்திரிக்குக் கஞ்சி கேட்டார்கள். கொடுத்தேன். நல்ல குழு. ஒரு தொந்தரவும் இல்லை.

ஷீபா மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், இது மூணாவது டூமா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்குத் தெரிந்திருக்காது. கடைசி ஜார் நிக்கலஸ், ஜனங்களின் கிளர்ச்சிக்குப் பயந்து ஒரு பாராளுமன்றத்தைக் கொடுத்தார். டூமா என்று அதற்குப் பெயர். அது எதிர்த்துப் பேசியது, கலைத்தார். இரண்டாவதும் பேசியது, கலைத்தார். பிறகு யார் ஓட்டுப் போடலாம் என்ற சட்டத்தையே மாற்றி மூன்றாவதை வரவழைத்தார். அது அடங்கி இருந்தது.

"ஆமா. அதுதான் முழுக்காலமும் நடந்துது, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"இருக்கு மேடம். அதுக்குப் பெறவு அவங்களுக்கு என்ன ஆச்சுங்கறதும் ஞாபகம் இருக்கு" என்றாள்.

ஜாரைக் குடும்பத்தோடு சுட்டுக் கொன்றார்கள், அதைச் சொல்கிறாள். இப்படிப் பேசலாமா? நீங்கள் இதை எழுதிக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் இது மிரட்டல். நான் அவளை என்ன செய்தேன்? அறைதான் மாற்றினேன். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட அறை ஒன்று காலியாக இருந்தது. தனி அறை. படிக்கிறவளுக்கு அமைதி வேண்டாமா? மதியம் கொஞ்சம் அனல் அடிக்கும், அவ்வளவுதான். ஞாயிறு கூட்டத்தில் அதிகம் பேசிய இன்னும் இரண்டு பேரையும் பிறகு அங்கேயே போட்டேன், துணைக்குத் துணை. அந்த அறைக்கு அவர்கள் சைபீரியா என்று பேர் வைத்தார்கள். மழையே இல்லாத வருடம், கட்டில் கம்பியைத் தொட்டால் சுடும், அதற்குப் பேர் சைபீரியா. "ஏட்டி, சைபீரியாவுக்கு ஒரு ஐஸ் வாட்டர் கொண்டுட்டு வா" என்று மேலேயிருந்து கத்துவார்கள். கீழே எல்லோரும் சிரிப்பார்கள். அந்த வார்த்தையை அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? எதிர்த்துப் பேசியவர்களை நாடு கடத்திய அந்தப் பனிக்காட்டின் கொடுமையைச் சொல்லும்போது வகுப்பில் கண் கலங்கியவள் நான். அதையே எடுத்து என்மேல் எறிகிறார்கள். என்னை ஜார் மேடம் என்று கூப்பிடுவதும் தெரியும். கேட்டும் கேட்காத மாதிரி இருந்தேன். ஜார்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துதான் பேசுகிறார்களா? ஒரு வாரம் அவர்களில் ஒருத்தர் இந்த விடுதியை நடத்தியிருந்தால் தெரிந்திருக்கும்.

சாப்பாட்டு அறை வாசலில் பலகையைப் பார்த்தீர்களா? ஒவ்வொருத்திக்கும் ஆணியில் ஒரு வில்லை தொங்கும். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றால் காலையில் சிவப்பாகத் திருப்பிவிட்டுப் போக வேண்டும். சோறு வீணாகக் கூடாது என்று நான் வைத்த ஏற்பாடு. ஒரு சனிக்கிழமை, நான் பூ வாங்கிக்கொண்டு உள்ளே வருகிறேன், சமையல்காரி வள்ளிநாயகம் பலகைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். பலகை முழுக்கச் சிவப்பு.

"மேடம், அரிசி எத்தனை படி போட?" என்றாள்.

நான் வில்லைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

"கஞ்சி கேட்ட அக்காமாரும் திருப்பிட்டாங்க மேடம்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பா, என்னவோ, ஒன்று இருந்தது. கஞ்சி கேட்டவர்களும். என் குழு.

அவளுக்கும் எனக்கும் மட்டும் சமைக்கச் சொன்னேன். அவளும் பசி இல்லை என்றுவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு. எல்லோரும் சேர்ந்து என் அறைக் கதவுக்கு வருவதாக இருந்தார்கள். சண்டைக்கு இல்லை, பேசத்தான் என்று வள்ளிநாயகம் காதில் போட்டாள். வாசல்படியில் கோலம் போடப் போகிறார்களாம், கையில் வாழைப்பழம், வெற்றிலையோடு வரப் போகிறார்களாம், மாரிச்செல்வியைத் திரும்ப அழைத்து வரச் சொல்லிக் கேட்கப் போகிறார்களாம். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால் மறுப்பது கஷ்டம். நான் காலையிலேயே திருச்செந்தூருக்குப் பஸ் ஏறிவிட்டேன். காவல்காரனிடம் ஹாலைப் பூட்டிவிடு, மாடிப்படியில் யாரையும் ஏறவிடாதே என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அவன் ஏதோ கையை நீட்டித் தடுத்திருக்கிறான், தள்ளுமுள்ளு, ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. அதற்கும் என்னைச் சொல்கிறார்கள். நான் கட்டிடத்திலேயே இல்லை. ருஷ்யாவிலும் இப்படி ஒரு ஞாயிறு உண்டு. சாமி படங்களைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் அரண்மனைக்கு முறையிடப் போனார்கள், சிப்பாய்கள் சுட்டார்கள். ஜார் அன்றைக்கு அரண்மனையிலேயே இல்லை. அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகுதான் உங்கள் டிரஸ்ட் வாசலில் போய் நின்றார்கள். இவ்வளவுதான் நடந்தது.

சொல்லுங்கள். கீழே என்ன கேட்டார்கள்? நான் போக வேண்டும் என்கிறார்களா?

இல்லையா?

கேட் நேரம்கூட இரண்டாவது என்கிறார்களா? பிறகு என்ன?

மறுபடி சொல்லுங்கள். காது கொஞ்சம் மந்தம்.

மாரிச்செல்விக்குப் போன் போட வேண்டும். அவர்கள் எல்லோர் முன்னாலும், ஹாலில் நின்று. நான் செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை. அது போதும், நான் இங்கேயே இருக்கலாம். டிரஸ்டுக்கும் சம்மதம். இல்லையென்றால் மாதக் கடைசியில் அறையைக் காலி செய்ய வேண்டும். அப்படித்தானே?

இது ஷீபாவின் யோசனை. எனக்குத் தெரியும். இப்படி ஒரு கேள்வி அவளால்தான் தயாரிக்க முடியும்.

எழுதிக்கொள்ளுங்கள். கேட் பத்து மணி வரை திறந்திருக்கும், ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களுக்கு நேரமே கிடையாது, எப்போது வந்தாலும் திறக்கப்படும். ஓட்டு எல்லோருக்கும். சமையல் அறைச் சாவி குழுவிடம். ஞாயிற்றுக்கிழமை மீன், நான் அன்றைக்கு அறையிலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன். தகரக் கொட்டகையைப் பூட்டிவிடலாம். இவ்வளவையும் நான் கொடுக்கிறேன். அவர்கள் கேட்டதால் கொடுத்ததாக எழுத வேண்டாம். நானாகக் கொடுத்ததாக எழுதுங்கள்.

மற்றது வேண்டாம்.

யோசித்துப் பாருங்கள். முந்நூறு வருடத்து ராஜாங்கத்தை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். மகாராணி கேதரின் ஐரோப்பாவின் ஞானிகளுக்கெல்லாம் சுதந்திரத்தைப் பற்றிக் கடிதம் எழுதினாள், குடியானவர்கள் கிளம்பியதும் கழுத்தில் கால் வைத்தாள். வருத்தம் சொன்னாளா? ஸ்டாலின் உலகத்திலேயே அழகான அரசியல் சட்டத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடமே ஆட்களைக் காணாமல் அடித்தார். அவருக்குப் பின் வந்த குருஷேவ் ஒரு கூட்டத்தில் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்காகத் தப்புகளை எடுத்துச் சொன்னார், கேட்டவர்கள் சிலருக்கு மயக்கமே வந்ததாம். யாருடைய தப்பு? செத்துப்போனவருடைய தப்பு. மரண உத்தரவுகளில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன் என்று சொன்னாரா? அதே வருடம் ஹங்கேரிக்கு டாங்கி அனுப்பினார். ஜார் கொடுத்தார், தோழர் கொடுத்தார், எல்லோரும் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. இவர்கள் என்னிடம் கேட்பது என் தாளிலேயே இல்லாத கேள்வி.

நான் அவர்களைப் போலவா? அப்படி நினைத்துத்தான் என்னைப் பார்க்கிறீர்களா? நான் யாரையும் சுடவில்லை அம்மா. நான் ஒரு போன் செய்தேன்.

கல்யாணம் ஆகிவிட்டதா அவளுக்கு?

ஆவணியிலேயா.

எனக்குப் பத்திரிகை வரவில்லை. நார்த்தங்காய் கொண்டுவந்த மனிதர், பத்திரிகை அனுப்பத் தோன்றவில்லை.

கீழே சத்தம் நின்றுவிட்டது. கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. இந்த அறையில் பேசினால் மாடிப்படி வழியாக எல்லாம் கீழே கேட்கும், வந்த புதிதிலேயே எனக்குத் தெரியும்.

சரி. ஹாலுக்கு வர மாட்டேன். இங்கேயிருந்து, நீங்கள் பக்கத்தில் இருக்க, அவளிடம் பேசிப் பார்க்கிறேன். என்ன பேசுவேன் என்று என்னிடம் கேட்காதீர்கள். எடுத்தால் பேசுகிறேன், அவ்வளவுதான். கண்ணாடி எங்கே வைத்தேன்? இருங்கள். மாரிச்செல்வி, சங்கரன்கோவில். இதோ.

இல்லை. இது அவள் அப்பா நம்பர்.

அவள் நம்பரா? நம்மிடம் சேரும்போது அப்பா நம்பரைத்தான் வாங்கி வைப்போம். ஒருத்தி நம்பரும் என்னிடம் இல்லை. நீங்கள் வேண்டுமானால் கீழே போய்க் கேட்டு வாங்கி வாருங்கள். ஷீபாவிடம் இருக்கும். நான் கேட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.